போருக்குப் பின் மகிழ்ச்சியைப் பாடியவர்: பவுல் கெர்ஹார்ட்

முப்பது ஆண்டுகள் போர் நடந்த ஒரு நாடு. அந்தப் போருக்குள்ளேயே வளர்ந்து, ஊரையும் உடன்பிறந்தவரையும் இழந்த ஒரு மனிதர். போர் முடிந்து ஐந்தாவது ஆண்டில் அவருடைய பாட்டொன்று அச்சில் வருகிறது. அது தோட்டத்துப் பூக்களைப் பற்றியும், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நடக்கும் கோழியைப் பற்றியும், கோதுமை வயலைப் பற்றியும் பேசுகிறது. துயரத்தைப் பற்றிய பாட்டு அல்ல அது. வெளியே போய் மகிழ்ச்சியைத் தேடு என்று தன் நெஞ்சையே ஏவுகின்ற பாட்டு. 1653ஆம் ஆண்டு பேர்லினில் வெளிவந்த அந்தப் பாட்டு ஜேர்மன் தேவாலயங்களில் கோடை காலத்தில் இன்றும் பாடப்படுகிறது. எழுதியவர் பெயர் பவுல் கெர்ஹார்ட்.

போரில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் வெளியே சொல்லாத கேள்வி ஒன்று இருக்கும். அவர்கள் இல்லாதபோது நாங்கள் மகிழ்ந்திருப்பது சரியா? நத்தாருக்குப் புது உடுப்பு வாங்குவதும், கல்யாண வீட்டில் சிரிப்பதும், கோயிலில் கைதட்டிப் பாடுவதும் போனவர்களுக்குச் செய்யும் துரோகமாகாதா? எப்போதும் மகிழ்ந்திருக்கும்படி அப்போஸ்தலராகிய பவுல் பிலிப்பியருக்கு எழுதியது ஆலயத்தில் வாசிக்கப்படும்போது, சிலருக்கு அது ஆறுதலாக அல்ல, தம்மால் நிறைவேற்ற முடியாத ஒரு கட்டளையாகவே கேட்கிறது. அவர் அதைச் சிறையில் இருந்து எழுதினார் என்பதும் பல வேளைகளில் மறந்துபோகிறது. கெர்ஹார்ட்டின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்பது பயனுள்ளது. அவர் இதற்கு விளக்கவுரை எழுதவில்லை. பாட்டுகளை எழுதினார், வாழ்ந்தார்.

எரிந்துபோன ஊர்

கெர்ஹார்ட் 1607ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, சக்சனி நாட்டில் விற்றன்பேர்க் நகருக்கு அண்மையில் உள்ள கிறேபன்ஹைனிஷன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பன் விடுதி நடத்தியவர். நிலபுலன் இருந்தது. ஊரின் நகரத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். குறையில்லாத குடும்பம். 1618இல் போர் தொடங்கியபோது பவுலுக்குப் பதினொரு வயது. அடுத்த ஆண்டு தகப்பன் இறந்தார். 1621இல் தாயும் போனார். பதினான்கு வயதில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையானார்.

1622இல் கிறிம்மா நகரிலிருந்த அரச விடுதிப் பாடசாலையில் சேர்ந்தார். கட்டுப்பாடு மிகுந்த அந்தப் பாடசாலையில் லத்தீனும் சமயக் கல்வியும் செய்யுள் இயற்றும் பயிற்சியும் கிடைத்தன. 1628 ஜனவரியில் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கப் பதிவு செய்தார். ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் அந்த நகரிலேயே இருந்தார். இவ்வளவு காலம் ஒருவர் மாணவராகவும் வீட்டு ஆசிரியராகவும் ஏன் இருந்தார் என்று அமைதிக் காலத்தில் வாழ்பவர்கள் கேட்கலாம். போர்க் காலத்தில் படித்து வேலைக்குக் காத்திருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஊர்கள் அழிந்திருந்தன. சபைகள் சிதறியிருந்தன. போதகருக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆட்கள் இல்லை.

1637ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் மிகக் கொடியது. அந்த ஆண்டு சுவீடன் படையினர் கிறேபன்ஹைனிஷனுக்குள் புகுந்து ஊரைக் கொளுத்தினார்கள். அவர் பிறந்த வீடும் ஊர்த் தேவாலயமும் எரிந்தன. சுவீடன்காரர்களும் கெர்ஹார்ட்டைப் போலவே லூதரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். முன்பு சக்சனியின் கூட்டாளிகளாக இருந்தவர்கள். 1635இல் சக்சனியின் அரசர் பேரரசரோடு சமாதானம் செய்து பக்கம் மாறியதும் பகைவரானார்கள். காக்க வந்தவர்களாகக் கருதப்பட்டவர்களே ஊரை எரித்தார்கள். அதே ஆண்டு படைகளின் பின்னாலேயே வந்த கொள்ளைநோயில் அவருடைய அண்ணன் கிறிஸ்ரியானும் இறந்தார்.

இந்த இழப்புகள் நடந்த நாட்களில் அவர் பெரிதாக எதையும் எழுதி வெளியிடவில்லை. அவருடைய பாட்டுகள் பத்து ஆண்டுகள் கழித்தே வெளியில் வந்தன. துயரம் நடந்த இடத்திலேயே உடனடியாகப் பாட வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்க முடியாது.

இரண்டு பேர், ஒரு பாட்டுப்புத்தகம்

1643 அளவில் கெர்ஹார்ட் பேர்லினுக்கு வந்தார். போரும் நோயும் அந்த நகரின் சனத்தொகையை ஏறத்தாழ அரைவாசியாக்கியிருந்தன. அங்கே அந்திரேயாஸ் பேர்தோல்ட் என்ற சட்டத்தரணியின் வீட்டில் ஆசிரியராகத் தங்கினார். முப்பத்தாறு வயது. பதவியில்லை, குடும்பமில்லை.

அந்த நகரின் நிக்கோலாஸ் தேவாலயத்தில் ஜொஹான் குறூகர் என்பவர் பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அவரும் போர்க் காலத்தின் பசியையும் நோயையும் கண்டவர். 1636இல் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் இழந்தவர். தானும் கொள்ளைநோயில் விழுந்து தப்பியவர். குறூகர் ஒரு பாட்டுப்புத்தகத்தைத் தொடர்ந்து பதிப்பித்து வந்தார். அதன் 1647ஆம் ஆண்டுப் பதிப்பில் கெர்ஹார்ட்டின் 18 பாட்டுகள் முதல்முறையாக இடம்பெற்றன. 1653ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 82 ஆகின. சொல் ஒருவருடையது, மெட்டு மற்றவருடையது. இரண்டு பேரும் கல்லறைகளைத் தாண்டி வந்தவர்கள். ஜேர்மன் திருச்சபையின் மிக மகிழ்ச்சியான பாட்டுகளில் பல இந்த இரண்டு பேரின் கூட்டு வேலையில் பிறந்தவை. நத்தார் நாளில் நெஞ்சு துள்ளிக் குதிப்பதைப் பாடும் பாட்டும் அவற்றில் ஒன்று.

1648 ஒக்டோபர் 24ஆம் திகதி வெஸ்ற்பாலியா சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. கெர்ஹார்ட் சமாதானத்துக்கும் ஒரு நன்றிப் பாட்டு எழுதினார். வெற்றிப் பாட்டு அல்ல அது. ஈட்டிகளும் வாள்களும் ஓய்ந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தொடங்குகிறது. உடனேயே இடிந்த கோட்டைகளையும், கல்லும் மண்ணுமாய்க் கிடக்கும் நகரங்களையும், விதைத்த நிலமாக இருந்து காடாகிப்போன வயல்களையும், பிணங்கள் நிறைந்த புதைகுழிகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. நடந்ததை நெஞ்சில் பதிய வைக்க இவற்றைவிடச் சிறந்த போதகர் இல்லை என்பது அதன் கருத்து. சமாதானம் வந்துவிட்டது, பழையதை மறந்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நன்றியும் நினைவும் ஒரே பாட்டில் ஒன்றை ஒன்று தள்ளாமல் நிற்கின்றன.

தொடக்கத்தில் சொன்ன தோட்டப் பாட்டும் இந்த மனிதரிடமிருந்தே வந்தது. அதில் பதினைந்து அடிகள் உண்டு. முதல் ஏழில் மரங்கள், மலர்கள், வானம்பாடி, புறா, கோழி, நாரை, மான், ஓடை, தேனீ, திராட்சைக் கொடி, கோதுமை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டே போகிறார். பிறகு, இவ்வளவும் பாடும்போது தான் மட்டும் சும்மா இருக்க இயலாது என்கிறார். அதன்பின், இந்த ஏழைப் பூமியே இப்படியென்றால் கிறிஸ்துவின் தோட்டம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறார். கடைசியில் தன்னை ஒரு நல்ல மரமாக வேரூன்றச் செய்யும்படி வேண்டுகிறார். சுமை இறங்கிவிட்டது என்று அந்தப் பாட்டு எந்த இடத்திலும் சொல்லவில்லை. சுமையோடு இருந்துகொண்டே பாடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டில் மகிழ்ச்சி தானாக வந்து கதவைத் தட்டவில்லை. நெஞ்சை வெளியே போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் அடைபட்ட நெஞ்சுக்குத்தான் இந்த ஏவல் தேவைப்படும். வயல் மறுபடி விளைந்திருப்பதைக் காடாகிக் கிடந்த காலத்தில் பார்த்தவருக்கு, கோதுமைக் கதிர் வெறும் இயற்கைக் காட்சியாக இருந்திருக்காது.

யாக்கோபின் சொல்

1651இல், நாற்பத்து நான்காவது வயதில்தான், கெர்ஹார்ட்டுக்கு முதல் சபை கிடைத்தது. பேர்லினுக்குத் தெற்கே, போரால் சிதைந்துபோயிருந்த மிற்றன்வால்டே என்ற சிறு நகரத்துக்கு அவர் தலைமைப் போதகராகப் போனார். 1655 பெப்ரவரியில் சட்டத்தரணி பேர்தோல்ட்டின் மகள் அன்னா மரியாவைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு மரியா எலிசபெத் என்ற பெண் குழந்தை பிறந்தது. ஒரு வயது நிறையும் முன்பே, 1657 ஜனவரியில், அந்தக் குழந்தை இறந்தது.

மிற்றன்வால்டே தேவாலயத்தில் பெற்றோர் ஒரு சிறிய நினைவுப் பலகை வைத்தார்கள். அதற்கு அவர்கள் தெரிந்துகொண்டது ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தில் முதியவர் யாக்கோபு பார்வோனிடம் சொன்ன வசனம். தன் ஆயுள் நாட்கள் கொஞ்சமும் துன்பம் நிறைந்தவையுமாக இருந்தன என்று யாக்கோபு சொன்னபோது அவருக்கு 130 வயது. அந்தச் சொல்லை ஒரு கைக்குழந்தைக்கு வைத்தார்கள். மகிழ்ச்சிப் பாட்டுகளால் பெயர் பெற்ற போதகர் தன் பிள்ளையின் பலகையில் ஆறுதல் வசனம் எதையும் எழுதவில்லை. முறையீட்டையே எழுதினார். விசுவாசி அழக்கூடாது, எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பலகையின் முன் சிறிது நேரம் நிற்க வேண்டும்.

அவர்களுக்கு மொத்தம் ஐந்து பிள்ளைகள். நான்கு பேர் சிறு குழந்தைகளாகவே இறந்தார்கள். 1662இல் பிறந்த பவுல் பிரீட்றிக் மட்டுமே பிழைத்தான்.

கையெழுத்து வைக்க மறுத்தவர்

1657இல் கெர்ஹார்ட் பேர்லின் நிக்கோலாஸ் தேவாலயத்துக்குப் போதகராக அழைக்கப்பட்டார். மக்கள் அவரை விரும்பினார்கள். ஆனால் பேர்லினில் ஒரு சமயச் சிக்கல் இருந்தது. மக்களில் பெரும்பாலானோர் லூதரன்கள். ஆளுநராக இருந்த பிரீட்றிக் வில்ஹெல்ம் கல்வினின் வழியில் வந்த சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். இரு தரப்புப் போதகர்களும் பிரசங்க மேடையில் ஒருவரையொருவர் தாக்குவதை நிறுத்த அவர் 1664இல் ஓர் ஆணை பிறப்பித்தார். அதற்குக் கட்டுப்படுவதாகப் போதகர்கள் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டார்.

கெர்ஹார்ட் மேடையில் மற்றவர்களை ஏசியவர் என்று யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆயினும் அவர் கையெழுத்து வைக்கவில்லை. எதைப் பிரசங்கிக்கலாம் என்று அரசு எழுதித் தருவதற்கு ஒப்பம் இடுவது, தான் அபிஷேகத்தின்போது ஏற்றுக்கொண்ட விசுவாச அறிக்கையை விட்டுக்கொடுப்பதாகும் என்று அவருடைய மனச்சாட்சி சொன்னது. இன்றைக்குப் பார்த்தால் ஆளுநரின் நோக்கம் நியாயமானது என்றே பலர் சொல்வார்கள். மத வேறுபாட்டில் தொடங்கிய முப்பது ஆண்டுப் போரைக் கண்ட நாட்டில் சமயச் சண்டையைத் தணிக்க நினைத்தது தவறல்ல. ஆனால் மனச்சாட்சியை ஒரு படிவத்தில் எழுதி வாங்க முடியுமா என்பது வேறு கேள்வி. கெர்ஹார்ட்டுக்கு முடியாது.

1666 பெப்ரவரியில் அவர் பதவி நீக்கப்பட்டார். நகரத்தார் எழுந்தார்கள். தொழிற்சங்கத்தாரும் நகரசபையும் மனுவுக்கு மேல் மனு அனுப்பினார்கள். 1667 ஜனவரியில் ஆளுநர் இறங்கி வந்தார். கையெழுத்து இல்லாமலே திரும்பலாம் என்றார். ஆனால் கையெழுத்திடாவிட்டாலும் ஆணையின்படியே நடந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பதாகவும் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு நிபந்தனை கெர்ஹார்ட்டின் நிம்மதியைக் கெடுத்தது. எழுத்தில் மறுத்ததை மௌனத்தில் ஏற்பதா? பதவியை வேண்டாம் என்றார். 1668 மார்ச்சில், நீண்ட நாள் நோயுற்றிருந்த அன்னா மரியாவும் இறந்தார். அவருக்கு 45 வயது. ஆறு வயதும் நிறையாத மகனோடு கெர்ஹார்ட் தனித்தார்.

இந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. பதவி பறிக்கப்பட்டு, மனைவி பிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் போகும் வழியில் ஒரு சத்திரத்தில் தங்கினாராம். அழுத மனைவியைத் தேற்ற, வழியைக் கர்த்தருக்கு ஒப்புவிக்கச் சொல்லும் தன் புகழ்பெற்ற பாட்டை அங்கே இருந்து எழுதினாராம். உடனே நல்ல செய்தி வந்ததாம். அழகான கதை. உண்மையல்ல. அந்தப் பாட்டு பதவி போவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1653இல், அச்சாகிவிட்டது. 37ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் ஓர் அடியின் தொடக்கமாக வரும்படி அமைத்த பாட்டு அது. அன்னா மரியாவோ பேர்லினை விட்டுப் போகவேயில்லை. கணவன் ஊர் மாறும் முன்பே இறந்துவிட்டார்.

உண்மை இந்தக் கதையைவிட வலியது. துன்பம் வந்த நொடியில் பாட்டு பிறந்து, பாட்டு முடிந்த நொடியில் துன்பம் தீர்ந்துவிடவில்லை. முன்னரே எழுதி வைத்ததை, வருந்திக் கிடந்த நாட்களில் தானே கையில் எடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விடுதலைச் செய்தியோடு எவரும் சத்திரத்துக்கு வரவில்லை. விதவனாகவும் வேலையற்றவராகவும் அவர் ஓராண்டுக்கு மேல் பேர்லினில் இருந்தார். பழைய சபையார் உதவினார்கள்.

கடைசி ஏழு ஆண்டுகள்

1669இல் சக்சனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த லூபன் என்ற சிறு நகரில் அவருக்குப் பணி கிடைத்தது. போதகர் இல்லம் பழுதடைந்து கிடந்ததால் போவதே தாமதமாயிற்று. அங்கே ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். பேர்லினில் இருந்ததுபோல் குறூகர் இல்லை. அவர் 1662இலேயே இறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த ஏபலிங் என்ற இசைஞர் 1666, 1667 ஆண்டுகளில் கெர்ஹார்ட்டின் 120 பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தார். லூபனில் கெர்ஹார்ட் புதிதாகப் பாட்டு எழுதியதாகத் தெரியவில்லை. பாட்டு நின்றுபோனதை அவரை நேசிப்பவர்கள் மறைக்க வேண்டியதில்லை. மகிழ்ச்சியைப் பாடியவருக்கும் பாடாத ஆண்டுகள் இருந்தன. அந்த ஆண்டுகளிலும் ஞாயிறுதோறும் மேடை ஏறினார், நோயாளிகளைப் பார்த்தார், மகனை வளர்த்தார்.

இறப்பதற்குச் சிறிது முன் மகனுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். சொத்தைப் பற்றிய உயில் அல்ல அது. மன்றாட்டைக் கைவிடாதே, பயனுள்ளதைப் படி, மனிதரோடு சமாதானமாயிரு, திருப்பித் தர முடியாதவர்களுக்கும் நன்மை செய், பேராசையை விட்டு ஓடு என்று அதில் புத்தி சொல்லியிருந்தார். 1676 மே 27ஆம் திகதி, அறுபத்தொன்பதாவது வயதில் இறந்தார். லூபன் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்த ஆலயம் இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

எல்லை தாண்டிய பாட்டுகள்

அவர் எழுதியவை ஏறத்தாழ 140 பாட்டுகள். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஜொஹான் செபஸ்ரியன் பாக், மத்தேயு எழுதிய பாடுகளுக்கும் நத்தாருக்கும் தான் அமைத்த பேரிசைகளில் கெர்ஹார்ட்டின் அடிகளைச் சேர்த்தார். ஹிற்லரின் ஆட்சியை எதிர்த்து 1943இல் சிறை வைக்கப்பட்ட போதகர் டீற்றிக் பொன்ஹோபர், சிறையில் தனக்குத் துணை நின்றவற்றுள் சங்கீதங்களையும் கெர்ஹார்ட்டின் பாட்டுகளையும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் குறிப்பிட்டார். அவர் 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்.

தமிழுக்கும் இந்தப் பாட்டுகள் வந்தன. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் தொடங்கிய லூதரன் பணியின் வழியாக ஜேர்மன் ஞானப்பாட்டுகள் தமிழில் பெயர்க்கப்பட்டன. அந்த வேலையில் பின்னாளில் பப்ரிசியுஸ் பெரும்பங்கு ஆற்றினார். பெரிய வெள்ளியில் முள்முடி சூடிய சிரசைப் பார்த்துத் தமிழ்ச் சபைகள் பாமாலையில் பாடும் பழைய பாட்டின் பின்னணியிலும் கெர்ஹார்ட் இருக்கிறார். ஓர் இடைக்கால லத்தீன் கவிதையைத் தழுவி அவர் 1656இல் வெளியிட்ட பாட்டு அது. எரிந்த ஊர் ஒன்றிலிருந்து வந்தவருடையது என்று தெரியாமலே தலைமுறைகள் அதைப் பாடியிருக்கின்றன.

ஒரே மனிதர் பெரிய வெள்ளிக்கும் எழுதினார், நத்தாருக்கும் எழுதினார், கோடைத் தோட்டத்துக்கும் எழுதினார். ஒன்றை எழுதுவதற்காக மற்றதை அழிக்கவில்லை. சமாதானப் பாட்டில் புதைகுழிகளுக்கு இடம் வைத்தார். மகளின் பலகையில் முறையீட்டுக்கு இடம் வைத்தார். அவற்றுக்கு இடம் வைத்த பிறகு, வெளியே போய்க் கோதுமை விளைந்திருப்பதைப் பார்க்கும்படி தன் நெஞ்சுக்குச் சொன்னார். இழந்தவர்கள் மகிழலாமா என்று கேட்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கை தரும் பதில் இவ்வளவுதான்: இறந்தவர்களை மறக்கச் சொல்லும் மகிழ்ச்சி அவருடைய பாட்டுகளில் இல்லை. அவர்களை நினைத்துக்கொண்டே அந்தப் பாட்டுகளைப் பாடலாம். அவர் அப்படித்தான் பாடினார்.